மென்பொருளின் வெள்ளோட்டம்

புதிதாய்ச் செய்த தேரை விழா நாளன்று நேரே வீதிக்கு விடுவாரில்லை. முன்னரே வெள்ளோட்டம் விட்டு, அச்சும் சில்லும் செவ்வனே இயங்குகின்றனவா என்று பார்ப்பது வழக்கம் என்பதை நேயர்கள் அறிவர். கணினியை இயக்கும் மென்பொருளுக்கும் இத்தகைய வெள்ளோட்டம் உண்டு. அதற்கென வெளிவரும் பதிப்பை 'ரிலீஸ் கன்டிடேட்' என்றும், சுருக்கமாக 'ஆர்சி' என்றும் வழங்குவர்.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இதற்குத் தக்க உதாரணமாகும். புதிய ஆக்கங்கள் 2 வாரங்களுக்குச் சேர்த்துக்கொள்ளப்படும். பின்பு வாசல் அடைபட்டு, ஆர்சி 1 வெளிவரும். அதன்மேல் பிழை நீக்கமே முதன்மையான வேலை. வாரத்துக்கு ஒன்றாக ஆர்சி 7 அல்லது 8 வரை வந்த பின்னரே முடிவான பதிப்பு வெளியாகும்.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்துவது, 2005இல் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்' என்னும் கருவி. கட்டளை வரியில் 'கிட் டேக்' என்று எழுதினால், மென்பொருளின் குறித்ததொரு நிலைக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டப்படும்; மின் கையொப்பமும் இடலாம். 'கிட் பைசெக்ட்' என்னும் கட்டளை, பிழை புகுந்த இடத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். 1000 மாற்றங்களுள் பழுதான ஒன்றை ஏறத்தாழ 10 சோதனைகளில் கண்டுகொள்ளலாம்.

ஒட்டிய சீட்டைப் பிறரறியாமல் வேறொரு நிலைக்கு மாற்றுதல் தகாது. மாற்றினால், ஒரே பெயரில் இருவர் வெவ்வேறு பதிப்புகளைச் சோதிப்பர். ஒருவர் கண்ட முடிவு மற்றவருக்கு உதவாது.

2021 பிப்ரவரி இறுதியில் லினக்ஸ் 5.12இன் ஆர்சி 1 பெரும் பழுதுடன் வெளிவந்தது. நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒரு கோப்பை ஒதுக்கியிருந்த கணினிகளில், அக்கோப்பில் எழுதவேண்டியதை அது வட்டின் வேறிடத்தில் எழுதிற்று. அதனால் சேமித்தவை யாவும் அழியக்கூடும். டோர்வால்ட்ஸ் அதனை மறைத்தாரில்லை. பழைய சீட்டின் பெயரோடு 'பயன்படுத்தற்க' என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்து, யாவருக்கும் அறிவித்தார். ஆர்சி 2, வழக்கமான ஞாயிறுக்கு முன்னதாக வெள்ளியன்றே வந்தது.

அந்த ஆர்சி 1ஐ அடியாகக் கொண்டு எவரும் புது வேலை தொடங்கலாகாது என்றும் அவர் வேண்டினார். பல மாதங்கள் கழித்து வேறொரு பிழையைத் தேடுபவரைப் பைசெக்ட் அந்த நிலையிலே கொண்டு நிறுத்தினால், அவருடைய வட்டும் பாழாகுமன்றோ? ஆதலால், பழுதுற்ற பதிப்பை அடையாளமிட்டு ஒதுக்கி, அடுத்த எண்ணுடன் வேறொன்றை வெளியிடுவதே பாதுகாப்பான முறையாகும்.