ஒரே பணப்பெட்டி

எல்லைக்கு இருபுறமும் – 9

களியக்காவிளைச் சந்தையில் இறங்கி இஞ்சிவிளை வழியாக நடந்தால், வெயில் ஏறுவதற்குள் பாறசாலை வந்துவிடும். மாநிலம் மாறியதைக் கடைப் பலகைகளின் எழுத்து சொல்லும். பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்தப் பக்கத்துத் தமிழில் பாதி மலையாளம், அந்தப் பக்கத்து மலையாளத்தில் பாதி தமிழ். ரப்பரும் வாழையும் மரச்சீனியும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அண்ணன் வீடு ஒரு மாநிலம், தங்கை வீடு இன்னொரு மாநிலம் என்று ஆன குடும்பங்களைப் பற்றிச் சென்ற வாரங்களில் எழுதினேன். அப்படிப் பிரிந்தும் பிரியாமல் இருக்கும் இன்னொரு வகைக் குடும்பம் கன்னியர் மடம்.

நான் போன மடம் பாறசாலைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஓட்டுக்கூரை, முன்னால் ஒரு மாமரம், பின்னால் கோழிக்கூடு. ஐந்து சகோதரிகள். இரண்டு பேர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியைகள். ஒருவர் செவிலி, மடத்து வராந்தாவில் காலையில் மருந்து கொடுக்கிறார், மதியத்துக்கு மேல் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் புண்ணைக் கழுவப் போகிறார். ஒருவருக்கு வீடு சந்திப்பதே வேலை. ஐந்தாமவர் எல்லோரிலும் மூத்தவர். சமையலும் தோட்டமும் அவர் பொறுப்பு. விளவங்கோட்டுப் பக்கம் பிறந்தவர். நான் வராந்தாவில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மக்களே, வல்லதும் தின்னியா?" என்பதுதான். பதில் சொல்வதற்குள் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் மேசைக்கு வந்துவிட்டன.

ஐந்து பேரில் சம்பளம் வாங்குபவர்கள் இரண்டு பேர். புண் கழுவுகிறவருக்குச் சம்பளம் கிடையாது, வீடு சந்திக்கிறவருக்கும் கிடையாது. இரண்டு சம்பளமும் சபையின் பொதுக் கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகை வருகிறது. இரும்பு அலமாரியின் ஒரு இழுப்பறையில் அந்தப் பணமும் நீள நோட்டு ஒன்றும் இருந்தன. நோட்டைக் காட்டினார்கள். பஸ் கட்டணம், தேங்காய், பஞ்சும் துணிக்கட்டும், ஒருவருக்குச் செருப்பு, ஒருவருக்குக் கண்ணாடிக்கு மறு சட்டம். தலைமை ஆசிரியை ஆனாலும் செருப்பு அறுந்தால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். யாருடைய சம்பளத்தில் யாருடைய செருப்பு வாங்கினார்கள் என்பது அந்த நோட்டில் எங்கும் இல்லை.

ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகளைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டாவதைத்தான் பெரிதாக எண்ணுகிறோம். ஒரு மடத்தை நிறுத்தி வைப்பது முதல் வார்த்தைப்பாடுதான் என்பது என் எண்ணம். திருச்சபைச் சட்டம் இதை நேராகவே சொல்கிறது. 1983-ல் வந்த சட்டத் தொகுப்பின் 668-ம் எண்: ஒரு துறவி தன் உழைப்பால் ஈட்டுவது சபைக்கு உரியது, ஓய்வூதியமும் அப்படியே. இந்த ஒரு விதி இல்லையென்றால், சம்பளமே வராத ஊருக்கு ஒரு செவிலியை நாற்பது ஆண்டு அனுப்பி வைக்க எந்த அமைப்பாலும் முடியாது.

இந்த ஏற்பாட்டின் பெரிய உதாரணம் பாறசாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மார்த்தாண்டம் தாண்டித் தக்கலைக்குப் போகும் வழியில் உள்ள முளகுமூடு. 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்தர் என்ற துறவி, துறவுப் பயிற்சியில் இருந்த ஓர் இளம் நவகன்னியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. சொந்த ஊர் ரூசலாரெ. ஈப்ர் நகரில் ஒரு பழைய மடத்தில் இருந்தவர். புதிய சபை தொடங்கும் எண்ணத்தோடு அவர் கப்பல் ஏறவில்லை. முளகுமூட்டில் அனாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற அழைப்பு வந்தது, வந்தார்.

அவர் வந்து இறங்கிய மண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேலாடை அணிந்ததற்காகப் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் அடிபட்ட நாடு தென் திருவிதாங்கூர். நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று அரசு ஆணை வந்தது 1859-ல். அதற்குப் பிறகு 38 ஆண்டுகளே ஆகியிருந்தன. துணி கிழிக்கப்பட்டதைக் கண்ணால் கண்ட பாட்டிகள் உயிரோடு இருந்த காலம். அந்தப் பாட்டிகளின் பேத்திகள் முளகுமூடு மடத்தில் உட்கார்ந்து ஊசியும் நூலும் பிடிக்கக் கற்றார்கள். லேஸ் பின்னினார்கள், பூத்தையல் போட்டார்கள். மேல்துணி மறுக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பெண்களின் கை, நுண்ணிய துணிவேலைக்குப் பெயர் பெற்றது. இந்த எல்லையோரத்தின் வரலாற்றில் இதைவிட என்னை உலுக்கிய செய்தி வேறு இல்லை.

முளகுமூட்டில் முளைத்த சபை பிலிப்பைன்ஸுக்குப் போனது, காங்கோவுக்கும் சீனாவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனது. இன்று அதன் பெயர் மரியாவின் மாசற்ற இதய மறைபரப்புச் சகோதரிகள், ஐ.சி.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். மணிலாவில் அவர்கள் நடத்திய பள்ளிகளில் படித்தவர்களுக்கு முளகுமூடு என்ற பெயர் தெரியும், அங்கேதான் எங்கள் கதை தொடங்குகிறது என்பார்கள். நம் பள்ளிப் பாடத்தில் அந்தப் பெயர் இல்லை. இது நமக்குக் குறைதான்.

அடுத்து வந்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். கொல்லம் ஆயராக இருந்த அலோசியஸ் மரிய பென்சிகர், மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகளை 1906-ல் திருவனந்தபுரம் அரசு மருத்துவமனைக்குச் செவிலியராக வரவழைத்தார். நோயாளியைத் தொட்டுத் துடைப்பதைக் கீழான வேலை என்று சாதி ஒதுக்கியிருந்த காலம் அது. அந்தச் சகோதரிகளின் வழியில் வந்தவர்கள்தான் இன்று நாகர்கோவில் ஹோலி கிராஸ் கல்லூரியை நடத்துகிறார்கள்.

மூன்றாவது கதை முழுக்க உள்ளூர்க் கதை. 1930-ல் மார் இவானியோஸ் தலைமையில் மலங்கரைத் திருச்சபையின் ஒரு பிரிவு ரோமையோடு இணைந்தது. அதன் பிறகு பாலா பக்கத்திலிருந்து ஜோசப் குழிஞ்ஞாலில் என்ற குரு தெற்கே மார்த்தாண்டத்துக்கு வந்தார். 1938-ல் அவர் தொடங்கியதுதான் மேரி மக்கள் சபை. வெளிநாட்டுப் பணமோ பெரிய கட்டடமோ இல்லாமல் வீடு வீடாக நடப்பதையே முதல் பணியாக வைத்துக்கொண்ட சபை. சபை பிறந்தபோது மார்த்தாண்டமும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர். பதினெட்டு ஆண்டு கழித்து நடுவே கோடு விழுந்தது. சகோதரிகள் கோட்டை எண்ணிப் பார்க்கவில்லை. மாறுதல் கடிதம் எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம் பெட்டியைத் தூக்கினார்கள். 1996-ல் மார்த்தாண்டம் மறைமாவட்டமும் நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டமும், 2017-ல் பாறசாலை மலங்கரை மறைமாவட்டமும் தனித்தனியாக வந்தன. ஆயர்களுக்கு எல்லை கூடிக்கொண்டே போனது. மடத்துப் பணப்பெட்டி ஒன்றாகவே இருந்தது.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை செய்யும் துறவிகளின் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை என்ற வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. அது மாறியபோது சபைகள் வழக்குத் தொடுத்தன. துறவு பூண்டவருக்குத் தனி உடைமை இல்லை, சம்பளம் அவர் கையில் நிற்பதே இல்லை என்பது வாதம். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிறகு கேரள உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. சம்பளம் வாங்கியவர் யாரோ அவருக்கே வருமானம். வாங்கிய பின் யாரிடம் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம் என்பது சட்டத்தின் பார்வை. அந்தத் தீர்ப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மற்ற ஆசிரியர் கட்டும் வரியைத் துறவியும் கட்டட்டும். ஆனால் அந்த இரண்டு சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டு, ஓர் ஊரின் படுக்கைப் புண்கள் கழுவப்படுகின்றன என்பதும் கணக்கில் எங்காவது எழுதப்பட வேண்டும்.

இந்தப் பொதுப் பெட்டிக்கு ஒரு வலியும் உண்டு. அதை மறைத்து எழுதினால் நான் அந்தச் சகோதரிகளுக்கே துரோகம் செய்தவன் ஆவேன். இருபது, முப்பது ஆண்டு உழைத்துவிட்டு வெளியே வருகிற பெண், உழைத்ததற்கு ஈடு கேட்க முடியாது என்கிறது சட்டத் தொகுப்பின் 702-ம் எண். அவரிடம் சபை நீதியோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டாவது பாதி எல்லா இடத்திலும் நடப்பதில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவரைக் கைவிடாமல் இருப்பது பெட்டியின் சாவி வைத்திருப்பவர்களின் கடமை.

உலகம் முழுவதும் 1970-ல் சுமார் 10 லட்சம் கத்தோலிக்கச் சகோதரிகள் இருந்தார்கள். 2022 இறுதியில் அவர்கள் 5,99,228 பேர். ஐரோப்பாவில் மடங்கள் மூடப்பட்டு விடுதிகளாகின்றன. ஒரு காலத்தில் பெல்ஜியமும் சுவிட்சர்லாந்தும் இங்கே ஆள் அனுப்பின. இப்போது கேரளத்துப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் அங்குள்ள முதிய சகோதரிகளைக் குளிப்பாட்டி உணவு ஊட்டுகிறார்கள். இங்கேயும் நவகன்னியர் இல்லங்களில் கட்டில்கள் காலியாகிக்கொண்டு வருகின்றன. ஓரிரு பிள்ளைகளோடு நிற்கும் வீடுகளிலிருந்து மடத்துக்கு யாரை அனுப்புவார்கள்?

நான் கிளம்பும்போது மாலை மணி அடித்தது. ஐந்து பேரும் கைகழுவிக்கொண்டு சிற்றாலயத்துக்குள் போனார்கள். மூத்த சகோதரிக்கு முழங்கால் மடங்காது. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலுக்கு வருவதற்கு முன் அவர் என்ன செய்தார் என்று வாசலில் கேட்டேன். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆறு பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டு கணக்கு வாத்தியார். படித்தவர்கள் யாராவது வருவதுண்டா என்றேன். "எங்க இருக்கேம்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும் மக்களே?" என்றார்.

மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குப் பாடம் சொன்ன சிஸ்டர் இப்போது எந்த ஊரில், எந்த இல்லத்தில் இருக்கிறார் என்று அந்தப் பள்ளியிலேயே கேளுங்கள், சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)