வாய்ச்சொல்லாக அனுப்பினால், எழுத்தில் கேளுங்கள்

“கொஞ்ச நாள் வீட்டிலேயே வச்சுக்குங்கம்மா, நாங்களே கூப்பிடுறோம்.” ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார் பலர் பள்ளியிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு இது. முறையான நீக்கம் என்றால் கடிதம் வரும், எதிர்த்து முறையிடலாம். இதற்குக் கடிதமும் கிடையாது, தேதியும் கிடையாது. வாரங்கள் ஓடிய பிறகு, பெற்றோர்தான் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள் என்று ஆகிவிடும்.

இயலாமையைக் காரணம் காட்டி யாரையும் பொதுக்கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாதென்ற கொள்கையைக் கல்வியமைச்சு 2019இல் கொண்டுவந்தது. ஆனால் மீறுகிறவர்களுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. அதனால் ஆயர் ஈத்தாமில் உள்ள பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றே: மறுநாளே தலைமையாசிரியருக்கு நான்கு வரி எழுதுங்கள். யார், என்றைக்கு, என்ன சொன்னார்கள், எதுவரை? இந்தப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லையென்றால் எங்கே இடம்? நகல் மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் போகட்டும்.

‘அவன் அடிக்கிறான்’ என்பதுதான் வழக்கமாக வரும் பதில். பிரிட்டனிலும் அடிக்கும் போக்குள்ள பிள்ளைக்கு மாற்றுத் திறனாளிப் பாதுகாப்பு இல்லையென்று ஒரு விதி இருந்தது. ஆட்டிசம் உள்ள ஒரு பையனை விலக்கிவைத்த வழக்கில், கல்வி விஷயத்தில் அந்த விதி மனித உரிமைக்குப் பொருந்தாது என்று மேல் தீர்ப்பாயம் 2018இல் தீர்ப்பளித்தது.

போலீஸ் உள்ளே வரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. 2008 செப்டம்பரில் லண்டன் ஆக்டன் நீச்சல் குளத்தின் ஓரத்தில், பேச்சு வராத 16 வயதுப் பையன் தண்ணீரையே பார்த்தபடி நகராமல் நின்றான். பள்ளியிலிருந்து கூட்டிவந்த பராமரிப்பாளர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். குளத்து ஊழியர் போலீஸைக் கூப்பிட, வந்தவர் பையனைத் தொட்டார். அவன் தண்ணீரில் குதித்தான். வெளியே இழுத்து, கைவிலங்கும் கால்கட்டும் போட்டு, நனைந்த உடம்போடு வேனுக்குள் ஏற்றினார்கள். நீதிமன்றம் 28,250 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2013இல் மேல்முறையீட்டிலும் போலீஸ் தோற்றது. பக்கத்தில் நின்ற பராமரிப்பாளர்களைக் கலந்து பேசாமல் செயல்பட்டதுதான் போலீஸ் செய்த பெருந்தவறு.

இங்கேயும் அப்படி நடக்காமலில்லை. 2018இல் மானபங்கப் புகாரில் ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் லாக்கப்பில் அடைக்கப்பட்டது நாடு முழுக்கப் பேச்சானது. நம் தண்டனைச் சட்டப்படி 10 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகாது. 18 வயதுக்குட்பட்டவரைக் கைதுசெய்தால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்கிறது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம். வாக்குமூலத்துக்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இலவசமாக உதவும்.

மாற்றுத் திறனாளிகளுக்குச் சமூக நல இலாகா தரும் ஓகேயூ கார்டு கையில் இருந்தாலும், பயந்தால் உங்கள் பிள்ளை என்ன செய்யும் என்பதை அந்தக் கார்டு சொல்லாது. பிரச்சினை வருமுன்பே மலாயில் ஒரு பக்கம் எழுதி, படத்தோடு பள்ளியிலும் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலும் கொடுத்துவையுங்கள். அதில் இப்படி இருக்கட்டும்: காதைப் பொத்திக்கொள்வான், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான், தொட்டால் கையை உதறுவான், அது எதிர்ப்பல்ல. சைரனை நிறுத்துங்கள், இந்த எண்ணுக்கு அழையுங்கள், நாங்கள் வரும்வரை தள்ளி நில்லுங்கள்.