முகத்தில் எத்தனை கிரீம்?

மடுவில் கல்யாண வீடு ஒன்று நெருங்கினால் போதும், எங்கள் வயதுப் பிள்ளைகளின் மேசையில் கிரீம்கள் கூடிவிடும். பருவுக்கு ஒன்று, தழும்புக்கு ஒன்று, வெள்ளையாவதற்கு ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்துப் பூசினால் பலனும் கூடும் என்பது பலரின் எண்ணம். உயர்தரத்தில் இரசாயனவியல் படிப்பவள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன்.

தோலின் மேற்படை ஒரு மதில் போன்றது. இறந்த கலங்கள் கற்கள். அவற்றைப் பிணைக்கும் கொழுப்பு சாந்து. கிளைக்கோலிக், சலிசிலிக் அமிலங்கள் இறந்த கலங்களை உதிர்க்கின்றன. ரெட்டினோல் கலங்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுகிறது. இரண்டையும் ஒரே இரவில் பூசினால் மதில் மெலிந்து, எரிவும் சிவப்பும் உரிதலும் வரலாம். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எண்ணக்கூடாது.

ஆகவே ஓர் இரவு அமிலம், இன்னோர் இரவு ரெட்டினோல், இடையில் ஓய்வு. விட்டமின் சி காலையில் நல்லது. நியாசினமைட் பெரும்பாலானவற்றோடு ஒத்துப்போகும். நீர்த்தன்மையானதை முதலிலும் தடிப்பானதைப் பின்னரும் பூச வேண்டும். புதிய பொருள்களை ஒவ்வொன்றாகத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் ரெட்டினோலைத் தவிர்க்க வேண்டும்.

காலையில் கடைசியாகப் பூசுவது சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30 ஆவது இருக்கட்டும். அமிலமும் ரெட்டினோலும் பாவிப்போரின் தோலை எங்கள் வெயில் இலகுவில் சுட்டுவிடும். ளுஹருக்கு வுழூ செய்யும்போது அது கழுவுப்படும் என்பதால், தொழுதபின் மீண்டும் பூசிக்கொள்ள வேண்டும்.

கலவைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1975இல் அமெரிக்கத் தோல் வைத்தியர் அல்பர்ட் கிளிக்மன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், டெக்சாமெதசோன் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கரும்படைக்கு மருந்து செய்தார். இவ்வகை மருந்தை வைத்தியரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலத்துக்கே பூச வேண்டும். டெக்சாமெதசோன் ஒரு ஸ்டீரொய்ட். ஸ்டீரொய்ட் கலந்த வெள்ளையாக்கும் கிரீம்களை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரியும். நிறுத்தினால் முகம் சிவந்து பரு பொங்கும்.

பாதரசம் இன்னும் கொடியது, சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூசியவரின் துவாயைத் தொடும் குழந்தைக்கும் அது போய்ச்சேரும். 2013இன் மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்தியதும் இதனால்தான். உள்ளடக்கம் அச்சிடப்படாத கிரீமை வாங்கவே கூடாது.

உம்மா, வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள்: “மகள் கறுத்துப் போனாள்” என்று சொல்லுமுன், அவள் பூசும் கிரீமின் பின்பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பலர் அதை வாங்குகிறார்கள்.