பீடிங் உடையாம கழட்டுறது எப்படி?

அறந்தாங்கியில எங்க சித்தப்பா வீட்டு வாசல்ல ஒரு ஃபோர்டு ஐகான் 1.6 நிக்குது. 1999-ல மறைமலைநகர் ஆலையிலிருந்து வர ஆரம்பிச்ச மாடல். "ஜோஷ் மெஷின்"னு விளம்பரம் பண்ணாங்களே, அதேதான். ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது, ஒத்துக்கிறேன். ஆனா எங்க ஏரியா அண்ணன்களைக் கேட்டுப் பாருங்க, அதுதான் ஸ்போர்ட்ஸ் கார்ம்பாங்க!

இப்ப அதுக்குப் பெயிண்ட் அடிக்கணும். பெயிண்ட்டுக்கு முன்னாடி கதவு பீடிங், வைப்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் மூடி, பம்பர் ஓர மோல்டிங் எல்லாம் கழட்டணும். உடைஞ்சா புதுசு வாங்க முடியாது. 2021-ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சது. ஐகான் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே நின்னு போச்சு. ஸ்பேர் கடையில கேட்டா சிரிக்கிறாங்க.

நான் முதல் நாள் காலையில 6 மணிக்கே ஆரம்பிச்சேன், வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு. முதல் கிளிப்பே 'டப்'. அது தப்பான நேரம்னு அப்புறம்தான் புரிஞ்சது. கிளிப் பெரும்பாலும் நைலான். ரெண்டு பக்கச் சிறகும் மடங்கி ஓட்டைக்குள்ள போய், உள்ளே விரிஞ்சு பிடிக்கும். இருபது வருஷ வெப்பத்துல நைலான் மொறுமொறுன்னு ஆயிடும், குளிர்ச்சியில இன்னும் மோசம். அதனால கழட்டுறதுக்கு நம்ம மதிய வெயில்தான் பெஸ்ட். கிளிப் எங்க இருக்குன்னு பார்த்து, அதுக்குப் பக்கத்துலயே நெம்பணும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பெயிண்ட் கீறிடும். நான் ஐஸ் குச்சிகளைச் சேர்த்து டேப் சுத்தி வச்சுக்கிட்டேன்.

டேப் போட்டு ஒட்டின பீடிங்க இழுக்காதீங்க, வளைஞ்சிடும். ஹேர் டிரையர்ல தொட்டா கை பொறுக்கிற சூடு வரைக்கும் காட்டிட்டு, பின்னாடி தூண்டில் நரம்பை விட்டு ரம்பம் மாதிரி அறுக்கணும். நரம்புக்குக் கஷ்டமே இல்ல, கோட்டைப்பட்டினம் பக்கம் எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

கழட்டினதைத் திருப்பிப் பாருங்க. பின்னாடி சின்னதா எழுத்து இருக்கும். ஏபிஎஸ்னா அசிட்டோன் வச்சே உடைஞ்சதை ஒட்டிடலாம். பிபி+இபிடிஎம்னா சாதாரணப் பசை எதுவும் நிக்காது. சால்டரிங் அயர்னால உருக்கி, அதே எழுத்து உள்ள உடைஞ்ச பம்பர் துண்டு வச்சு வெல்ட் பண்ணணும். பெயிண்ட் கடை ஓரத்துல அந்தத் துண்டு சும்மாவே கிடைக்கும். வெளுத்த பிளாஸ்டிக்கைத் தீயில காட்டினா கறுப்பாகும்னு ரீல்ஸ் வருது. ஆகும், கொஞ்ச நாளைக்கு.

திரும்ப மாட்டுறதுதான் உண்மையான இன்ஜினியரிங். 1 மீட்டர் நீளம், 40 டிகிரி வித்தியாசம்னு வைங்க. இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர் நீளும். பிபி கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர்! அதனாலதான் நடு ஓட்டை மட்டும் வட்டமா, மத்ததெல்லாம் நீள்வட்டமா இருக்கும். (செகண்ட் இயர்ல இந்த ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணினப்ப இது யாருக்குன்னு நினைச்சேன்.) கழட்ட மதியம்னா, மாட்ட சாயங்காலம், நிழல்ல. கொதிக்கிற வெயில்ல நீண்டிருக்கிறப்ப மாட்டினா, ராத்திரி சுருங்கி கிளிப்பை இழுக்கும். காலி ஓட்டையை மட்டும் விட்டுடாதீங்க, ஐப்பசி மழைத் தண்ணி உள்ளே இறங்கி கதவுத் தகடு துருப்பிடிக்கும்.

டேப் ஒட்டுறதுக்கு முன்னாடி ஐசோபுரொபைல் ஆல்கஹாலால துடைங்க. இசிஇ லேப்ல பிசிபி துடைக்கிறது அதுதான். மெடிக்கல் ஷாப் சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், சிலதுல எண்ணெய் கலந்திருக்கும். பிபி மேல ஒட்ட பிரைமரும் தேவை. நல்லா அழுத்துங்க. அக்ரிலிக் ஃபோம் டேப் 20 நிமிஷத்துல பாதி பலம்தான் பிடிக்கும். 24 மணி நேரத்துல 90 சதவீதம், முழுசுக்கு 72 மணி நேரம். அதுவரைக்கும் வாட்டர் வாஷ் கூடாது.

சித்தப்பா ரெண்டாம் நாளே கழுவிட்டார். இதுவரைக்கும் விழல.