சரளை ஓடுபாதையில் முதல் சம்பளம்

ஜனவரி மாதத்து விடியற்காலை. வடக்கு ஒன்டாரியோவின் சூ லுக்கவுட் விமான நிலையத்தில் குளிர் மைனஸ் 30-க்கும் கீழே போயிருக்கும். செஸ்னா கேரவன் விமானத்தின் இறக்கைமேல் போர்த்திய உறையை உருவி, படிந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளி, இன்ஜினுக்குச் சூடேற்றும் குழாயைப் பொருத்தி, பால் பெட்டிகளையும் டயப்பர் கட்டுகளையும் வால்பக்கம்வரை அடுக்குவார் ஓர் இளைஞர். எல்லாம் ஏறியதும் விமானம் கிளம்பிவிடும். அவர் தரையில் நின்றுகொள்வார். அவரிடமும் வணிக விமானி உரிமம் இருக்கிறது.

அங்கே இந்த வேலைக்கு ‘ராம்ப்’ என்று பெயர். உரிமம் வாங்கிய கையோடு வடகனடாவுக்கு வரும் புதியவர்களில் பலருக்கு முதல் வேலை இதுதான். சாமான் ஏற்றுவது, எரிபொருள் நிரப்புவது, பனி அள்ளுவது, பயணச்சீட்டு எழுதுவது என்று நாள் ஓடும். விமானி இருக்கை காலியாகும்போது வரிசையில் முன்னால் நிற்பவருக்கு அழைப்பு வரும். சிலருக்கு நான்கு மாதம் ஆகும்; சிலருக்கு இரண்டு வருடம்.

ஏன் இப்படி? கனடாவில் வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரிய விமானத்துக்குக் கேப்டனாக வேண்டுமென்றால் கேட்கப்படும் உரிமத்துக்கு 1,500 மணி நேரம். நடுவிலிருக்கும் 1,300 மணி நேரத்தை எங்கே சம்பாதிப்பது என்பதுதான் ஒவ்வொரு புதிய விமானியின் கேள்வி. இந்தியாவில் 200 மணி நேரத்தோடு, குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியையும் முடித்தவர் நேராக ஏர்பஸ்ஸின் துணை விமானி இருக்கையில் உட்கார வழி இருக்கிறது. கனடாவில் அந்த வழி மிகக் குறுகல். பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராகலாம். இல்லையென்றால் வடக்கே போக வேண்டும்.

வடக்கே போனாலும் கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. சட்டப்படி ஒரு விமானி 365 நாளில் 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. நல்ல வேலை அமைந்தால்கூட அந்த 1,300 மணி நேரத்துக்கு ஒரு வருடத்துக்கு மேலாகும். ராம்ப்பில் நிற்கும் காலத்தில், பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் ஒரு நிமிடம்கூட ஏறாது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதிக்குக் கனடாவில் இரண்டு வருட ஆயுள்தான். ராம்ப்பிலேயே அது காலாவதியானால் சொந்தக் காசில் மறுபடி பறந்து காட்டித் தேர்ச்சி பெற வேண்டியிருக்கும்.

காசைப் பற்றிப் பேசுவோம். உரிமமும் அதற்கு மேல் வேண்டிய தகுதிகளும் பெற்று முடிக்க 80,000 முதல் 1,00,000 கனடிய டாலர்வரை செலவாவது சகஜம். பெரும்பாலும் கடன். ராம்ப்பில் கிடைப்பதோ குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய தொகை. விமான நிறுவனங்களுக்குப் பொருந்தும் மத்திய அரசின் அந்தக் கூலி 2024 ஏப்ரலில் மணிக்கு 17.30 டாலர் ஆனது. வாரம் 40 மணி நேரம், ஒரு வாரமும் விடாமல் உழைத்தால் வருடத்துக்கு 35,984 டாலர். வரி, வாடகை, கடன் தவணை எல்லாம் அதிலிருந்துதான். வடக்கே காய்கறி விலையும் தெற்கைப் போல இருக்காது.

இருக்கை கிடைத்ததும் வருமானம் உயரும். ஆனால் பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் சிறியது. பறந்த மைலுக்கோ மணிக்கோ இவ்வளவு என்று சேர்வதுதான் மீதி. பனிப்புயலில் விமானம் நின்றால் அந்த மீதியும் நிற்கும். புதிய விமான வகையில் பயிற்சி கொடுத்ததற்காக ஓராண்டு, ஈராண்டு விலக மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குவதும் வழக்கம். இடையில் போனால் பணம் கட்ட வேண்டும்.

இத்தனையும் தாங்கி இளைஞர்கள் போவதற்குக் காரணம் அந்தப் பறத்தல்தான். 3,500 அடிச் சரளை ஓடுபாதை, பக்கவாட்டுக் காற்று, சட்டென்று இறங்கும் மேகம், பக்கத்தில் வேறு ஓடுபாதை கிடையாது. மூட்டையை எங்கே வைத்தால் விமானத்தின் எடை எப்படிச் சாயும் என்பதை முதுகு வலிக்க ஏற்றியவர் மறக்க மாட்டார். ராம்ப்பில் கற்க ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சில மாதம் அங்கே நிற்பது நல்ல பயிற்சி. இரண்டு வருடம் நிற்கவைப்பது, விமானியைச் சுமைகூலிக்கு வைத்துக்கொள்வது.

இதில் வதைபடுவது விமானி மட்டும் இல்லை. கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் 2017-இல் தந்த அறிக்கை, தொலைவடக்கில் 117 விமான நிலையங்களைக் கணக்கிடுகிறது. நூனவுத் பிரதேசத்தின் 25 ஊர்களில் ஒன்றுக்குக்கூட வெளியிலிருந்து சாலை இல்லை. வடக்கு ஒன்டாரியோவின் பல பழங்குடி ஊர்களுக்கு, ஏரிகள் உறையும் சில வாரங்கள் மட்டும் பனிச்சாலை உண்டு. 2024-இல் குளிர் போதாமல் அந்தச் சாலையும் சரியாக உறையவில்லை. பழங்குடித் தலைவர்கள் அவசரநிலை அறிவித்தார்கள். அங்கே பிரசவத்துக்குப் போவதும், பள்ளிப் புத்தகம் வருவதும், இறந்தவர் உடல் ஊர் திரும்புவதும் சிறிய விமானத்தில்தான். அந்த விமானத்தை ஓட்டுபவர் இந்தத் தொழிலிலேயே ஆகக் குறைந்த சம்பளக்காரர்களில் ஒருவர். 1,500 மணி நேரம் சேர்ந்த அன்றே தெற்கே கிளம்பத் தயாராக இருப்பவர்.

பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது வடக்கின் அனுபவசாலிகள் கூட்டமாகப் போய்விடுகிறார்கள். ராம்ப் காலம் சுருங்குகிறது, புதியவர்கள் வேகமாக இருக்கைக்கு வருகிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது நேர்மாறாக நடந்தது. மேலே கதவு அடைபட, கீழே வரிசை உறைந்தது. 2024-இல் ஏர் கனடா விமானிகள் நான்கு ஆண்டுகளில் சுமார் 42 சதவீத உயர்வைப் பேசி வாங்கினார்கள். அவர்கள் உழைப்புக்கு அது நியாயம். ஆனால் தெற்கில் சம்பளம் ஏறும் ஒவ்வொரு முறையும் வடக்கிலிருந்து இறங்கும் படிக்கட்டு இன்னும் வழுக்குகிறது. பழங்குடி ஊருக்குப் பழகிய கேப்டன் பத்து வருடம் அங்கேயே இருக்க வேண்டுமென்றால், அங்கேயே குடும்பம் நடத்தும் சம்பளம் வேண்டும். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்ற முறையைச் சில வடக்கு நிறுவனங்கள் கொண்டுவந்திருக்கின்றன. அதில் ஆட்கள் நிலைக்கிறார்கள் என்பதில் வியப்பில்லை.

விமானியாக வேண்டும் என்று கனடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. உங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு மாணவரின் வேலை அனுமதிச் சீட்டில் ஒரு முடிவுத் தேதி இருக்கும். ராம்ப்பில் போகும் ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து கழியும். வேலைக்கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எத்தனை மாதத்தில் இருக்கை, பாண்டு எத்தனை டாலர், புயல் நாளில் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு, இப்போது அதே நிறுவனத்தின் ராம்ப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தேடிப் பிடித்து, அவர் அங்கே எத்தனை மாதமாக நிற்கிறார் என்று கேளுங்கள்.