குளிரே எதிரி

கனடாவின் ஹின்டர்லேண்ட் நிறுவனம் 2017-இல் முழுமையாக வெளியிட்ட ‘தி லாங் டார்க்’ என்னும் கணிப்பொறி விளையாட்டில், புவிக்காந்தப் புயலால் மின்சாரம் அற்றுப்போன பனிக்காட்டில் தன்னந்தனியே உயிர்பிழைக்க வேண்டும். கற்பனைதான், எனினும் 1989-இல் இத்தகைய புயலொன்று கியூபெக் மாகாணத்தை ஏறத்தாழ 9 மணி நேரம் இருளில் ஆழ்த்தியது.

இங்கே முதல் எதிரி குளிர். உடலை ஒட்டியுள்ள வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை வாடைக்காற்று அடித்துச் செல்கிறது. ஈர உடையோ வெப்பத்தை விரைந்து கடத்துகிறது. பாறை மறைவில் ஒதுங்கினால் குளிர் தணியும். விளையாட்டும் இவற்றைக் கணக்கில் கொள்கிறது. அதுவே அதன் கவர்ச்சி!

எரிச்சலும் உண்டு. இறந்தால், பல நாள் ஆடிச் சேமித்த ஆட்டம் அடியோடு அழிந்துவிடக்கூடும். அதையாவது பொறுக்கலாம். பட்டினிக் கணக்குதான் பொருந்தவில்லை! நீர் கிடைத்தால் நலமுள்ள மனிதர் உணவின்றி வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கக்கூடும். விளையாட்டு நாயகரோ சில நாட்களிலேயே மாண்டுபோகிறார்.