மலைச் சாலையில் பழைய வேன்: எஞ்சினின் வெப்பம் வெளியேறும் வழி

1843 ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கத்தின் தலைமை எஞ்சினீயராக விளங்கிய ஜார்ஜ் கிளார்க் என்பவர் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான், பம்பாயைத் தாணா, கல்யாண் ஆகிய ஊர்களோடும், அவற்றிற்கு அப்பாலுள்ள தல், போர் கணவாய்களோடும் இருப்புப் பாதையால் இணைக்கலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியதாக ரயில்வே வரலாறு கூறும். பத்தாண்டுகள் கழித்து, 1853 ஏப்ரல் 16 ஆம் நாள், முதல் ரயில் தாணாவை அடைந்தது. மலையைக் கடக்க மேலும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1865 இல் முடிவுற்ற தல் கணவாய்ப் பாதையில் 37 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் உண்டு. இன்றும் பல ரயில்கள் கசாராவில் கூடுதல் எஞ்சின்களின் துணை கொண்டே மேலேறுகின்றன. சமவெளியில் சோர்வின்றி ஓடிய எஞ்சின் இம்மலையில் திணறுவது ஏன் என்னும் வினா, பாண்டுப்பிலிருந்து அதே திசையில் வேனில் செல்வோருக்கும் உரியதே.

பாண்டுப்பின் ஊடே செல்லும் லால் பகதூர் சாஸ்திரி சாலை முன்னர் ஆக்ரா சாலை என்றே வழங்கிற்று. அது முலுண்டு, தாணா வழியாகச் சென்று நாசிக் நெடுஞ்சாலையில் சேர்கிறது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் சென்றதும் கசாரா. அதன் பின் மலை. பஜாஜ் டெம்போ கம்பெனியார் செய்த மாட்டடார் போன்ற பழைய வேன்களுள் சில, இருக்கைகள் களையப்பெற்று, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, பெட்டிகள் ஆகியவற்றோடு ஊர் ஊராகத் தங்கிச் செல்லும் வண்டிகளாக மாற்றப்பட்டுள்ளன. கண்காட்சிப் பொருள்களை ஏற்றிச் செல்வோருக்கும், கள ஆய்வுக்குச் செல்வோருக்கும் இத்தகைய வண்டி பெரிதும் உதவும். கோடையில் இவ்வண்டி பாதி மலையில் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றால், கூடியிருப்போர் கூறும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: "தண்ணீர் போதவில்லை." நீர் ஊற்றியதும் வண்டி நகரும், இரண்டு வளைவுகளுக்கு அப்பால் மீண்டும் கொதிக்கும். குறை நீரில் இல்லை. வெப்பம் எஞ்சினிலிருந்து காற்றுக்குச் செல்லும் வழியில் எங்கோ ஒரு தடை இருக்கிறது என்பதே இதன் பொருள்.

அவ்வெப்பத்தின் அளவை அறிந்தால் தடையின் விளைவும் விளங்கும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சக்கரத்தைச் சுழற்ற உதவுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேற, எஞ்சிய பங்கு எஞ்சினைச் சூழ்ந்த நீரைச் சேர்கிறது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. வேன் சமவெளியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் வீதம் ஓடுவதாகக் கொண்டால், மணிக்கு 4 லிட்டர் செலவாகும். நீர் ஏற்கும் வெப்பம் ஏறத்தாழ 13 கிலோவாட். இது ஒரு லிட்டர் குளிர்ந்த நீரை 22 விநாடியில் கொதிக்க வைக்கப் போதுமானது. மலையில் இரண்டாம் கியரில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் ஏறும்போது இது 17 கிலோவாட் அளவிற்கு உயர்கிறது. வெப்பம் கூடுகிறது, வண்டியின் வேகத்தால் முன்புறம் மோதும் காற்றோ பாதியாகக் குறைகிறது. பத்து லிட்டர் நீர் 85 பாகையில் இருக்கும்போது வெப்பம் வெளியேறுவது முற்றிலும் நின்றுபோனால், எஞ்சின் உலோகம் ஏற்கும் வெப்பத்தை நீக்கிப் பார்க்கையில், 40 விநாடிக்குள் 100 பாகையை எட்டிவிடும்.

கசாராவிலிருந்து இகத்புரி வரை ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் ஏறவேண்டும். இரண்டரை டன் எடையுள்ள வண்டியை அவ்வுயரத்திற்குத் தூக்க மட்டும் 7 மெகாஜூலுக்குச் சற்று மேற்பட்ட வேலை தேவை. எஞ்சினின் திறன் நூற்றுக்கு 25 எனக் கொண்டால் முக்கால் லிட்டருக்கு மேற்பட்ட டீசல் இதற்கே செலவாகும். 2025 ஜூன் மாதத்தில் திறக்கப்பெற்ற சம்ருத்தி நெடுஞ்சாலையின் சுரங்க வழி வளைவுகளைக் குறைத்து ஏற்றத்தை நீட்டித் தருகிறது. எனினும் ஏற வேண்டிய உயரம் மாறுவதில்லை; ஆதலின் அவ்வேலையும் மாறுவதில்லை. மாறுவது, அதனைச் செய்ய எஞ்சினுக்குக் கிடைக்கும் காலமும் முன்புறம் மோதும் காற்றும் மட்டுமே. கூரையின் மேல் ஏற்றிய பெட்டிகளும், நிரம்பி வழியும் தண்ணீர்த் தொட்டியும் இக்கணக்கில் எடையாகச் சேர்வதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீர் கொதிக்கும் உஷ்ணநிலையும் மாறாத ஒன்றன்று. 300 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் அது குறைகிறது. சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள இகத்புரியில் திறந்த பாத்திரத்து நீர் 98 பாகையிலேயே கொதிக்கும். இதனை ஈடு செய்வதே ரேடியேட்டர் மூடியின் வேலை. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி, கொதிநிலையைச் சுமார் 119 பாகை வரை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்தோ சுருள்வில் தளர்ந்தோ போனால் இப்பாதுகாப்பு முழுவதும் போய்விடும். ரேடியேட்டரைப் பிரித்துப் பார்க்கும் முன் மூடியைப் பார்த்தல் நலம். ஆனால் வேனுக்குரிய அழுத்தத்தைக் காட்டிலும் மிகுந்த மூடியைப் பொருத்தினால் பழைய குழாய்கள் பிளக்கும்.

முள் எந்த இடத்தில் ஏறுகிறது என்பதே நோயைக் காட்டும். பாண்டுப் சோனாப்பூர் சந்திப்பில் நெரிசலில் நிற்கையில் ஏறி, தாணாவைத் தாண்டி வேகம் பிடித்ததும் இறங்கினால், குற்றம் விசிறியிலோ அதன் பெல்ட்டிலோ, விசிறியைச் சூழ்ந்த தகட்டுக் கூட்டிலோ இருக்கும். நிற்கையில் அமைதியாக இருந்து, ஓடும்போதும் ஏறும்போதும் உயர்ந்தால், ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கலாம். அல்லது கீழ்க்குழாய் உறிஞ்சும் விசையால் உட்புறம் ஒட்டிக்கொள்ளலாம். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனலாம். நீரில் இடைவிடாது குமிழி எழுந்து, எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், சிலிண்டர்த் தலையின் கேஸ்கெட் போய்விட்டது. அவ்வண்டியை மலைக்குக் கொண்டு செல்லலாகாது.

உட்குழாய் அடைபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வழியில் ஊற்றிய நீரே. பாண்டுப்பிலுள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையத்தில் தான்சா, வைதரணா ஏரிகளின் நீர் தூய்மையாக்கப்பட்டு மும்பைக்கு வழங்கப்படுகிறது. ஏரி நீராதலின் சுண்ணாம்புத்தன்மை குறைவு. நெடுஞ்சாலையோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் அத்தகையதன்று. அது காய்ந்து விட்டுச் செல்லும் படிவு, இரும்பைவிட இருபது மடங்கிற்கும் மேல் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். பள்ளி ஆசிரியர் இதனை எளிதிற் காட்டலாம்: உட்புறம் வெள்ளைப் படிவு ஏறிய வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றையும், அதே வகைப் புதிய பாத்திரம் ஒன்றையும் ஒரே அடுப்பில் மாற்றி மாற்றி வைத்து, சம அளவு நீர் கொதிக்கும் நேரத்தைக் குறித்தால் போதும். கிளைக்கால் கலந்த குளிர்விப்பு நீர் மும்பையில் பனிக்காகத் தேவையில்லை. துரு பிடியாதிருக்கவே தேவை. அது இனிப்புச் சுவையுடைய நஞ்சு. கழிக்கும்போது குழந்தைகளும் நாய்களும் அணுகாதவாறு காத்தல் வேண்டும்.

"வெயில் நாட்டில் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று கேட்டு அதனைக் கழற்றி எறியும் மெக்கானிக்குகள் உளர். இது பிழையான பழக்கம். 82 பாகை அளவில் திறக்கும் அக்கருவி இல்லாவிடில் எஞ்சின் தன் முறையான உஷ்ணநிலையை அடையாது. சிலிண்டர்கள் விரைவில் தேயும். மேலும், சில எஞ்சின்களில் அது ஒரு வழியைத் திறக்கும்போதே ரேடியேட்டரைச் சுற்றிச் செல்லும் குறுக்கு வழியை மூடுகிறது. அத்தகைய எஞ்சினில் அதனைக் கழற்றினால் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரை அடையாமலே திரும்பி வரும். குளிர்விக்கச் செய்த செயலே கொதிப்பிற்குக் காரணமாகிவிடும்.

காற்றின் வழியும் நீரின் வழியைப் போலவே காக்கத் தக்கது. நிகழ்ச்சி அறிவிப்புத் துணியை வேனின் முகப்பில் கட்டிவிட்டு மலையேறுவது வெளிக்களப் பணியாளரிடையே சாதாரணம். அத்துணி மறைப்பது ரேடியேட்டரின் மூச்சை. முகப்பில் தொங்கவிட்ட மாற்றுச் சக்கரமும் அவ்வாறே. 1960களிலும் 1970களிலும் ஐரோப்பாவிலிருந்து தரைவழியே இந்தியா வந்த பயணிகள் பலர் ஓட்டி வந்த வோக்ஸ்வாகன் வேனில் நீரே கிடையாது. பின்புறத்து எஞ்சினை விசிறிக் காற்றும் எண்ணெயும் குளிர்விக்கின்றன. அதில் எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு கிழிந்தால், வெளியேறிய வெங்காற்றே மீண்டும் உள்ளே இழுக்கப்படும். கொதிக்க நீரும் கக்க ஆவியும் இல்லாமையால் அவ்வேன் முன்னறிவிப்பின்றியே கெடும். எண்ணெயின் அளவையும் உஷ்ணத்தையும் கவனிப்பதொன்றே அதற்குக் காவல்.

மலையேறும்போது உயர் கியரில் எஞ்சினை முனக விடாமல், முன்கூட்டியே கீழ்க் கியருக்கு மாறுதல் நன்று. பம்பும் விசிறியும் விரைந்து சுழலும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று முதுகுப்புறமாக வீசினால், ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றே இல்லாமற் போகும்; விடியற்காலையில் ஏறிவிடுவது மேல். முள் உயரத் தொடங்கியதும், நீர் குறையாதிருக்கும் வரை, வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட வேண்டும். உடனே அணைத்தால் பம்பு நின்று, உலோகத்தில் தேங்கிய வெப்பம் நீரைக் கொதிக்கச் செய்யும். ஆவி பீறிட்டுவிட்டால் மட்டுமே எஞ்சினை அணைக்க வேண்டும்.

அதன் பின் அரை மணி நேரமாவது மூடியைத் தொடலாகாது. அழுத்தத்தில் அடைபட்டு 115 பாகையிலிருக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் 100 பாகைக்கு இறங்கும்போது, ஒவ்வொரு லிட்டரும் 45 லிட்டருக்கு மேற்பட்ட ஆவியை எழுப்பும். அது திறப்பவரின் முகத்தையும் கையையுமே சாடும். பக்கத்து இருக்கைக்கு நடுவே எஞ்சின் அமைந்த வேன்களில், உள்ளே உறங்கும் குழந்தைகளை முதலில் இறக்கிவிடுதல் வேண்டும். குழாயைத் துணியால் பிடித்து அழுத்தினால் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கனத்த துணியை மூடியின்மேற் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதற் பூட்டு வரை மட்டும் திருப்பி, ஆவியின் ஓசை அடங்கிய பின்னரே முழுவதும் திறக்க வேண்டும். நீரைச் சிறிது சிறிதாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஊற்றுக. வறண்டு காய்ந்த சிலிண்டர்த் தலையில் குளிர்ந்த நீரை ஒரே வாளியாகக் கொட்டினால், பழுக்கக் காய்ந்த இரும்பு வெடிப்பு விடும். அதற்குக் கசாராவில் மருந்து கிடையாது, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு தாணாவுக்கே திரும்ப நேரும்.